மூன்றாவது கேள்வி

ஒன்றுக்கும் நான்குக்கும் இடையே
ஃபேக்ஸ் பொத்தான்களில் ஒரு நகத்தின் தூரம்.
அந்த நகம் என்னுடையது.
செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பது நாற்பது.
லிங்கன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தாள்
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
கூசெரா தீவனக் கடையில் போய் விழுந்தது.

இரண்டு பக்கம்.
முதல் பக்கத்தில் எங்கள் கிளினிக் பெயர், கீழே எச்சரிக்கை:
உங்களுக்கானதல்ல என்றால் படிக்காதீர்கள்.
படித்தால்தானே தெரியும், யாருக்கானதென்று.
இரண்டாம் பக்கத்தில்
லோர்னா வான்ட்ராவின் இடது மார்பு
மில்லிமீட்டர் கணக்கில்.

மத்தியானம் டுவைட் கூசெரா வந்தார்.
தாளை நான்காய் மடித்து
சோள விதை உறைக்குள் வைத்திருந்தார்.
"நான் படிக்கல" என்றார்
கையிலிருந்த தொப்பியிடம்.

இதற்கு ஒரு படிவம் உண்டு. எதற்குத்தான் இல்லை?
தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு நாளைக்கு இரண்டு கையெழுத்து,
மார்ஃபின் அலமாரிக்கு இரண்டு சாவி, இரண்டு பேர்.
போன வருஷம் வந்த ஆய்வாளர்
கூரைத் தெளிப்பானுக்கும் கையுறைப் பெட்டிக்கும்
நடுவே டேப் வைத்து அளந்தார்.
பதினெட்டு அங்குலம் வேண்டும். பதினாறு இருந்தது.
அந்த இரண்டு அங்குலத்துக்கு நான் எழுதிய விளக்கம்
ஏழு பக்கம்.

படிவத்தில் நான்கு கேள்விகள்.
என்ன போனது? யாரிடம் போனது?
பார்த்தார்களா? திரும்பி வந்ததா?
மூன்றாவதில் 'இல்லை' என்று எழுதிவிட்டால்
அநேகமாகக் கோப்பு மூடிவிடும். கடிதம் வேண்டாம்.
"தீவனக் கடைதானே ஐரீன்" என்றார் டாக்டர் ஸ்ட்ரோம்க்விஸ்ட்.
"சொன்னா அவளுக்கு ரெண்டு நோய்."

அவர் சொன்னதில் தப்பில்லை.
மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டு
கோப்பை இழுப்பறையில் வைத்தேன்.
கெடு அறுபது நாள்.

டிசம்பரில் பனி கொட்டியது.
ரத்தப் பரிசோதனைக்கு வந்த லோர்னா
கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே சொன்னாள்:
"விடியறதுக்கு முன்னாடி யாரோ வந்து
வாசல் வரைக்கும் பனியைத் தள்ளிட்டு
படிக்கு உப்பும் தூவிட்டுப் போறாங்க.
இந்த ஊர்ல யாருக்கும் நான் சொல்லல.
என் பொண்ணுக்கே இன்னும் சொல்லல."

நான் அவள் ரத்தக் குழாய்க்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.
பெயர், பிறந்த தேதி. கை நடுங்கவில்லை.
பின்னால் கேட்டேன்: என்ன உப்பு?
"நீலமா இருக்கும். பண்ணைக்கு வாங்குவாங்களே, அது."

நாற்பத்தொன்றாம் நாள்.
மூன்றாவது கட்டத்தில் எழுதினேன்: ஆம்.

கடிதத்துக்கு மாதிரி உண்டு; அதை மாற்றக் கூடாது என்றார் வக்கீல்.
தங்களைப் பாதுகாத்துக்கொள்ளத் தாங்கள் செய்யவேண்டியவை:
வங்கிக் கணக்கைக் கவனித்து வாருங்கள்.
அந்த வரியையும் விட்டுவைத்தேன்.
பெயர் சொல்லவில்லை. 'உள்ளூர் வணிக நிறுவனம்' என்றேன்.
ஊரில் இருப்பதே நான்கு.

ஜனவரியில் அவள் வீட்டைத் தாண்டி வண்டியோட்டினேன்.
வெளிச்சம் வராத நேரம்.
தலையில் அதே தொப்பி.
லோர்னா தானே மண்வெட்டியால்
பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்,
நாலு அடிக்கு ஒரு தடவை நின்று.
தெருமுனையில் ஒரு லாரி
எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தது.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
அதுவும் உள்ளே திரும்பவில்லை.

வேண்டுமென்றேதானா என்று கேட்க
எனக்கு உரிமையில்லை.
கடிதத்தில் கீழே என் தொலைபேசி எண் இருக்கிறது.
அவள் கூப்பிடவில்லை.

பிப்ரவரி கடைசியில் வருடாந்தரக் கணக்கு.
அரசாங்கத் திரை கேட்டது:
பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை?
எண்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளும் கட்டம்.
ஒன்று என்று அடித்தேன்.
ஒன்றுதானா என்று பார்த்தேன்.
அனுப்புவதற்கு முன்
இன்னொரு தடவை பார்த்தேன்.